இயற்பியல் இல்லாமல் பொறியியலா?

பிள்ளை என்ஜினியர் ஆகிவிட்டால் குடும்பம் தலைநிமிரும் என்பது நம் வட்டாரத்துப் பெற்றோரின் நெடுநாள் கனவு. ஆனால் மேல்நிலைப் பள்ளியில் வணிகப் பிரிவோ தொழிற்பிரிவோ எடுத்துப் படித்த மாணவன் அந்த ஆசையை வெளியிட்டால், "இயற்பியல் படிக்காத உனக்கு இது எதற்கு?" என்று சிலர் வாயை அடைத்து விடுகிறார்கள். "இப்போதெல்லாம் இயற்பியலே வேண்டாமாம், சேர்ந்துவிடு" என்று வேறு சிலர் தூண்டி விடுகிறார்கள். இரண்டு பேச்சும் மாணவனுக்கு நன்மை செய்வதில்லை என்பது என் கருத்து.

முதலில் விதியைப் பார்ப்போம். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2021இல் வெளியிட்ட கையேடு, பதினான்கு பாடங்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் ஏதேனும் மூன்றைப் படித்தவர் பொறியியலில் சேரலாம் என்றது. வேளாண்மையும் வணிகப் படிப்பும்கூட அப்பட்டியலில் இருந்தன. ஆயினும் அதே கையேடு, அப்படிச் சேர்வோருக்குக் கணிதம், இயற்பியல், பொறியியல் வரைபடம் ஆகியவற்றில் இணைப்பு வகுப்புகள் நடத்த வேண்டும் என்றும் சொன்னது. இந்தப் பின்பகுதியைப் பலர் படிக்கவே இல்லை! நம் மாநிலத்தின் பொதுக் கலந்தாய்விலோ கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200 மதிப்பெண்ணுக்கே தரவரிசை அமைகிறது. தொழிற்பிரிவு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு.

நம்மைப் போன்ற கலைக்கல்லூரி மாணவர் அறிய வேண்டிய வாயில் மற்றொன்று இருக்கிறது. மேல்நிலையில் கணிதம் படித்து, பின் இளம் அறிவியல் பட்டம் பெற்றவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதற்கான மாநிலக் கலந்தாய்வைப் பல ஆண்டுகள் நடத்தியதே நம் ஊர் அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரிதான். ஆனால் அப்படிச் சேருவோர் முதலாண்டுப் பாடங்களான பொறியியல் வரைபடத்தையும் பொறியியல் இயக்கவியலையும் சேர்த்து எழுதித் தேற வேண்டும் என்பது விதி. ஆக, எந்த வாயில் வழியாகப் போனாலும் இயற்பியல் உள்ளே காத்திருக்கிறது!

அது ஏன் காத்திருக்கிறது? நம் செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். இரண்டு தூண்களின் மேல் ஓர் உத்தரம். பாரம் நடுவில் இருந்தால் தூண்கள் சமமாகத் தாங்குகின்றன. ஒரு பக்கம் நகர்ந்தால் அந்தத் தூண் மிகுதியாகத் தாங்குகிறது. எவ்வளவு மிகுதி என்று கணக்கிடுவதே இயக்கவியல். பாலம் கட்டுபவருக்கும் எந்திரம் செய்பவருக்கும் இது அரிச்சுவடி. மின்பொறியியலுக்கு மின்னோட்டமும் காந்தவியலும் அரிச்சுவடி. கணிப்பொறி படிக்க இவ்வளவு ஆழம் வேண்டாம். ஆயினும் அங்கும் முதலாண்டில் ஓர் இயற்பியல் தாள் உண்டு. இந்த அடிப்படை இல்லாதவர் சூத்திரங்களை மனப்பாடம் செய்து ஒரு தாளில் தேறலாம்; அடுத்த ஆண்டுத் தாள்கள் அதன்மேல் எழும்பும்போது நிலுவைத் தாள்களின் சுமையில் அழுந்திப் போவார். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்க வந்தவர், கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தியவர் இப்படி அழுந்தினால் அந்த இழப்பு அவரோடு நிற்பதில்லை.

ஆனால் அஞ்சவும் வேண்டியதில்லை. பதினோராம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதி தமிழிலேயே கிடைக்கிறது. அதில் அளவீடு, இயக்கவியல், இயக்க விதிகள், வேலை-ஆற்றல்-திறன் ஆகிய நான்கு பாடங்களை முதலில் முடியுங்கள். வெக்டரைக் கூறுபடுத்தவும், ஒரு பொருளின்மேல் செயல்படும் விசைகளைப் படமாக வரையவும் கை பழகட்டும். கணக்கைக் கண்ணால் படிக்காமல் கையால் போடுங்கள். அதன் பிறகே மின்னியலுக்குச் செல்லுங்கள். ஒரு கோடை விடுமுறையும் ஒரு பருவமும் இதற்குப் போதும் என்று நம்புகிறேன். அந்த நான்கு பாடங்களும் உங்களுக்குச் சற்றேனும் சுவைக்கவில்லை என்றால், அதுவும் நல்ல விடைதான். பொறியியலை விட்டுவிட்டு விருப்பமான துறையில் முதுகலைக்குச் செல்லலாம். அது தோல்வி ஆகாது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் 1954இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பட்டம் பெற்ற பின்னரே சென்னையில் விமானப் பொறியியல் படித்தார். அவருக்குப் பொறியியலின் தலைவாசலாக இருந்தது ஒரு கலை அறிவியல் கல்லூரி. வள்ளல் அழகப்பர் இந்த ஊரில் 1947இல் கலைக்கல்லூரியையும், 1952இல் பொறியியற் கல்லூரியையும் தொடங்கினார். ஒருவர் கையால் தோன்றிய இரு கல்லூரிகளுக்கு இடையே ஒரு நடைபாதை வேண்டாமா? நம் இயற்பியல் துறை சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் அடிப்படை இயக்கவியல் நடத்தட்டும். வரைபடம் கற்பிக்கப் பொறியியற் கல்லூரி ஆசிரியர்களை அழைக்கலாம். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். கரும்பலகை ஒன்றும் மனம் ஒன்றும் போதும்.

நண்பர்களே! பதினைந்து வயதில் எடுத்த பாடப்பிரிவு வாழ்நாள் முழுவதற்கும் எழுதிய தலையெழுத்தாகிவிடக் கூடாது. அதை மாற்றி எழுத விரும்புகிறவர், விண்ணப்பப் படிவத்தை வாங்குமுன் அந்த இயற்பியல் புத்தகத்தை வாங்கட்டும்.

— மூன்றாம் ஆண்டு மாணவர், இளம் அறிவியல், கணிதம்