தொட்டுக்கக் கொஞ்சம் சோறு

தமிழில் 'சாப்பாடு' என்றால் சோறு. காலையில் ஆறு இட்லி, ஒரு பிளேட் பொங்கல், மேலுக்கு ஒரு வடை என்று உள்ளே தள்ளிய ஆசாமியை மதியம் ஒரு மணிக்கு நிறுத்தி, ''சாப்டாச்சா?'' என்று கேட்டுப் பாருங்கள். ''இன்னும் இல்லே சார், டிபன்தான் ஆச்சு'' என்பார். ஹோட்டல் வாசலில் 'சாப்பாடு தயார்' என்று போர்டு வைத்தால், உள்ளே என்ன தயார் என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. கீரை, கூட்டு, பொரியல், மீன், முட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்து நாம் வைத்திருக்கும் பெயர் 'தொட்டுக்க'. சோறுதான் ஹீரோ. மற்றதெல்லாம் ஹீரோவின் நண்பர்கள்.

இப்படிப்பட்ட ஊரில் முப்பத்து நாலு வயது ஆசாமிக்கு சர்க்கரை வியாதி என்று ரிப்போர்ட் வந்தால் என்ன ஆகும்?

எங்கள் ஆபீஸில் வந்தது. அக்கவுண்ட்ஸில் எனக்கு இரண்டு ஸீட் தள்ளி உட்காருகிறவர். வெறும் வயிற்றில் 168. (126-ஐத் தொட்டாலே சர்க்கரை வியாதி.) ஹெச்பிஏ1சி என்று ஒரு டெஸ்ட் இருக்கிறதே, அதில் 8.4. அங்கே 6.5 கோடு. முதல் டெஸ்ட்டையாவது முந்தின ராத்திரி பட்டினி கிடந்து கொஞ்சம் ஏமாற்றலாம். இரண்டாவது, கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கை மொத்தமாகக் காட்டிக் கொடுத்துவிடும். ஆடிட் மாதிரி. அக்கவுண்ட்ஸ் ஆசாமிக்கு இது புரியாமல் இருக்குமா? ஆனாலும் நம்பவில்லை.

''நான் ஒல்லி சார். லேப்ல ரத்தம் மாறிப் போயிருக்கும்.''

ஒல்லி என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2004-ல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் இரண்டு டாக்டர்கள் தங்கள் படத்தையே போட்டுக்கொண்டு ஒரு பக்கம் எழுதினார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாக்னிக். இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்துக்குத் தகுந்த எடையை அளக்கும் பி.எம்.ஐ. இரண்டு பேருக்கும் அச்சாக ஒன்றே, 22.3. உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தால் வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! யுட்கின் மாரத்தான் ஓடுகிறவர். யாக்னிக்கின் ஓட்டம், தினம் காலையில் லிஃப்ட் கதவு மூடுவதற்குள் போய்ச் சேருவது. இதை அவர்களே அதில் எழுதியிருக்கிறார்கள். சட்டைக்கு வெளியே ஒல்லி, சட்டைக்கு உள்ளே ஒரு சின்னத் தொப்பை, கை கால் சதை குறைவு. நம் ஆபீஸ்களில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இப்படி எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். உங்களிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் கணக்கு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை. இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில்.

ரிப்போர்ட்டை நம்பியதும் நம்மாள் செய்த முதல் காரியம், காபியில் சர்க்கரையை நிறுத்தியது. பெரிய தியாகம் போல எல்லோரிடமும் சொன்னார். மதியம் டிபன் பாக்ஸில் மூன்று அடுக்கு. சாம்பார் சாதம், ரசம் சாதம், தயிர் சாதம். ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல்.

ஒரு சின்னப் பரிசோதனை. வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து விழுங்காமல் நன்றாக, நிதானமாக மெல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் இனிக்கும். மாவுச்சத்து என்பது குளுகோஸ் மணிகளைக் கோத்த மாலை. எச்சிலே அதை அறுக்க ஆரம்பித்துவிடும். மீதியைக் குடல் பார்த்துக்கொள்ளும். ஒரு கப் சோறு (150 கிராமுக்குக் கொஞ்சம் மேலே) ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து. ஒரு டீஸ்பூன் சர்க்கரை 5 கிராம். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அவர் போட்டார். மூன்று கப், இருபத்தேழு ஸ்பூன். அன்றைக்கு பாக்ஸை மூடி வைத்துவிட்டார்.

அடுத்த கட்டம், தமிழ்நாட்டில் சர்க்கரை வந்த எல்லோரும் கடைப்பிடிக்கும் மார்க்கம். ராத்திரி சப்பாத்தி. இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார் என்று தெரியவில்லை. கோதுமை மாவிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். கேழ்வரகிலும் அதே சமாசாரம். கொஞ்சம் நார்ச்சத்து கூட இருக்கும், வாஸ்தவம். அதற்காக நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும், அல்லது ஒரு சொம்பு ராகிக் கஞ்சியும் மருந்தாகிவிடாது. 2025-ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியர்களின் சாப்பாட்டில் 62 சதவீத சக்தி மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது. மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று ஆளை மட்டும் மாற்றினால் பிரயோஜனம் தெரியவில்லை என்றும் சொன்னது. கொஞ்சம் மாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர் வைத்தால் பலன். நாற்காலியில் உட்காரும் ஆசாமியை மாற்றினால் போதாது, நாற்காலியையே குறைக்க வேண்டும்.

நாற்காலியைக் குறை என்றதும் நம்மாள் பெஞ்சையே தூக்கி எறிந்துவிட்டார். சபதம்! இனி சோறு, இட்லி, சப்பாத்தி எதுவும் கிடையாது. வெள்ளரிக்காய், மோர். டாக்டர் எழுதிய மாத்திரை மட்டும் வழக்கம்போல.

நான்காம் நாள் காலை பதினொன்றரைக்கு மீட்டிங். ஏ.ஸி. அறையில் ஆளுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. கை நடுங்குகிறது. மேனேஜர் ஒன்று கேட்டால் வேறொன்று சொல்கிறார், அதுவும் எரிச்சலாக. மேனேஜர் அதை இன்க்ரிமென்ட் கோபம் என்று எடுத்துக்கொண்டார். நல்ல வேளை, டெஸ்பாட்ச்சில் இருக்கும் அக்காவின் வீட்டுக்காரர் இன்சுலின் போடுகிறவர். எட்டிப் பார்த்ததும், ''சுகர் இறங்கிடுச்சு, எல்லாரும் தள்ளுங்க'' என்று கேன்டீன் சர்க்கரையை மூணு ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். பதினைந்து நிமிஷத்தில் மனுஷன் மனுஷனானார்.

இதைக் கொஞ்சம் சீரியஸாகவே சொல்கிறேன். சர்க்கரை மாத்திரை எல்லாம் ஒரே ஜாதி இல்லை. மெட்ஃபார்மின் தனியாகச் சாப்பிட்டால் அநேகமாக இப்படி இறக்கிவிடாது. ஆனால் கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகையறாவும் இன்சுலினும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று விசாரிப்பதில்லை. அவை பாட்டுக்கு வேலையைப் பார்க்கும். சோறு பாதியானால் மாத்திரையும் மாற வேண்டியிருக்கலாம். அதை டாக்டர்தான் செய்ய வேண்டும், யூடியூப் இல்லை. 70-க்குக் கீழே இறங்கினால் உடனே மூணு ஸ்பூன் சர்க்கரை அல்லது குளுகோஸ். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி டெஸ்ட். ஏறாவிட்டால் இன்னொரு தரம். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். நேரே ஆஸ்பத்திரி.

டாக்டர் நன்றாகத் திட்டிவிட்டு, மாத்திரையைக் குறைத்து, ஒரு தட்டை வரைந்து கொடுத்தார். பாதித் தட்டு காய், கீரை. கால் தட்டு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். மீதிக் கால் தட்டுதான் சோற்றுக்கு. உருளை, சேனை, மரவள்ளி எல்லாம் காய் வேஷத்தில் வந்தாலும் சோற்றுக் கணக்கில்தான் வரும். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டு சோற்றைக் கடைசியில் தொட்டால் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தாலும் சதைகள் கொஞ்சம் குளுகோஸை வாங்கிக்கொள்ளும். எங்கள் ஆபீஸில் நாலு மாடி. லஞ்ச்சுக்கு அப்புறம் மொட்டை மாடியில் இப்போது ஏழெட்டுப் பேர் வட்டம் போடுகிறார்கள். சர்க்கரை இல்லாதவர்களும் உண்டு. அரட்டைக்கு அதுதான் இடமாகிவிட்டது.

வீட்டில்தான் பெரிய போராட்டம். அவருடைய அம்மாவுக்கு, மகன் ஒரு கரண்டி சோற்றோடு எழுந்திருப்பது தனக்கு நேர்ந்த அவமானம். ''அரை வயித்தோட ஆபீஸுக்குப் போறானே'' என்று பக்கத்து வீடு வரை புகார். மருமகள் மேல் சந்தேகம். ''குழைச்சுப் போட்ட ரசம் சாதம் யாரைடா கொன்னுச்சு?'' இதற்குப் பதில் சொல்வது கஷ்டம். ஏனென்றால் சர்க்கரை வலிப்பதில்லை. கண்ணையும் கிட்னியையும் காலையும் சத்தமில்லாமல் அரிக்கிறது. கல்யாணமான ஆண்களுக்கு, டாக்டரிடம் கூடச் சொல்லக் கூச்சப்படுகிற இன்னொரு விஷயத்திலும் கை வைக்கிறது. அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? மனைவிதான் வழி கண்டுபிடித்தார். மீட்டர் வாங்கி, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மாமியார் முன்னாலேயே விரலைக் குத்திக் காட்டினார். மூன்று கரண்டி சோற்றுக்கு ஒரு நம்பர், ஒரு கரண்டிக்கு ஒரு நம்பர். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டில் மலை மாதிரி பீன்ஸ் பொரியல், கிண்ணத்தில் கெட்டிப் பருப்பு. கையில் கரண்டியோடு, ''தொட்டுக்கக் கொஞ்சம் சோறு வெக்கட்டுமா?'' என்றாராம்.

பரோட்டாவை அவர் விடவில்லை. விடவும் முடியாது என்கிறார். வாரம் மூன்று நாள் நாலு பரோட்டா என்று இருந்தது, மாதம் இரண்டு சனிக்கிழமை ஒன்றே ஒன்று என்று ஆகியிருக்கிறது. கூட இரண்டு ஆம்லெட், ஒரு தட்டு வெங்காயம். சால்னாவைப் பார்த்துப் பெருமூச்சு. வீட்டுக்கு நடை. எனக்கு இது கௌரவமான ஒப்பந்தமாகத்தான் படுகிறது. முழுத் துறவு எடுத்த சில பேரை எனக்குத் தெரியும். நாற்பதாவது நாள் கல்யாண வீட்டில் பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில்தான் அவர்களைப் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து அவருடைய ஹெச்பிஏ1சி 7.1. ''இன்னும் 0.1 பாக்கி இருக்கே சார்'' என்று அக்கவுண்ட்ஸ்காரராகவே வருத்தப்பட்டார். டாக்டர் வருஷத்துக்கு ஒரு தரம் விழித்திரையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். இதுவரை போகவில்லை. பயம். வருகிற வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரத்துக்குப் பார்வை மங்கலாக இருக்கும், வண்டி ஓட்ட முடியாது. அதனால் நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.