பேரனாரின் றலி வண்டி

எமது வீட்டுக் கொட்டிலின் மூலையில், கிழிந்த பாய்களுக்கும் தென்னோலைக் கட்டுகளுக்கும் பின்னால், துவிச்சக்கர வண்டியொன்று பல ஆண்டுகளாகச் சாய்ந்து நின்றது. பழைய இரும்பு வாங்குவோர் அதனை நிறுத்து எடுக்க வந்தனர்; பழம்பொருள் சேர்ப்போர் பணத்தை எண்ணிக் காட்டினர். இரு திறத்தாரையும் நாம் மறுத்து அனுப்பினோம். ஆயினும், கொடுக்க மறுத்த நாம் அதனைப் பேணினோமா என்றால், அதுவும் இல்லை. விசயதசமிக்கு முன் அதனை ஓடச் செய்தல் வேண்டுமெனப் பதினான்கு வயதுடைய எம் மகன் பிடிவாதமாக நின்றான். அதனாலேயே இந்த வாரம் இதனை எழுத நேர்ந்தது.

வண்டி றலி. இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரிலே, றலி வீதியில் இருந்த சிறு பட்டறையொன்று பிராங் பௌடன் என்பாரின் முயற்சியால் 1888 ஆம் ஆண்டில் கம்பனியாகி, அவ்வீதியின் பெயரையே பூண்டது. யாழ்ப்பாணத்திலே றலியோடு ஹம்பரும் றட்ஜும் மதிப்புப் பெற்றிருந்தன. இவற்றுள் எது சிறந்தது என்று எம் பெரியோர் திண்ணையில் இருந்து வழக்காடியதுண்டு. வேடிக்கை யாதெனில், ஹம்பர் 1932 இலும் றட்ஜ் 1943 இலும் றலிக் கம்பனியின் கைக்கே வந்துவிட்டன. ஒரு வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியே இவ்வளவு வழக்கும் நிகழ்ந்திருக்கிறது!

கொக்குவிலில் எமக்கு அறிமுகமான முதியவர் ஒருவர் அரை நூற்றாண்டாகச் சைக்கிள் திருத்துபவர். அவரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். ஒரு புறம் கடலும் மறு புறம் உப்பு நீரேரியும் சூழ்ந்த எம் குடாநாட்டில் இரும்புக்குத் துருவே எமன். பெடல் தண்டை இறுக்கும் கொட்டர் பின் அசைய மறுத்தது. முதியவர் அவசரப்படவில்லை. மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி இரண்டு நாள் விட்டார், பின்னர் தண்டுக்குக் கீழே மரக்கட்டையை அணைகொடுத்துச் சுத்தியலால் ஒரே தட்டுத் தட்டினார், பின் கழன்றது.

உள்ளே கால் அங்குலக் குண்டுகள் பல தேய்ந்திருந்தன. அவற்றை மாற்றுதல் எளிது. மரைகளை மாற்றுதலே கடினம். மற்றை வண்டிகளின் புரி ஒருவகை. றலியின் புரியோ அங்குலத்துக்கு 26. வேறு வண்டியின் மரையை வலிந்து இறுக்கினால் இரண்டும் கெடும். முதியவர் பழைய பால்மாப் பேணியைக் கவிழ்த்து, குவியலில் இருந்து பொருத்தமான மரையைக் கண்ணாலேயே தெரிந்தெடுத்தார். முன்சில்லில் 32 கம்பிகளும் பின்சில்லில் 40 கம்பிகளும் இருப்பதை மகன் எண்ணிக் காரணம் கேட்டான். "பாரம் பின்னாலைதானே தம்பி" என்றார் அவர்.

பின்சில்லின் நடுக்குடத்தில் மூன்று கியர்கள் அடங்கியிருந்தன. ஸ்டேர்மி ஆர்ச்சர் என்னும் பெயருடைய அப்பொறி 1902 ஆம் ஆண்டில் தோன்றியது. கிறீசும் மண்ணும் கட்டிப்பட்டிருந்த அக்குடத்தைத் துடைத்தபோது 54, 3 என்னும் எண்கள் தெரிந்தன. குடம் செய்யப்பட்ட ஆண்டையும் மாதத்தையும் அதன்மேற் பொறிப்பது அவர்கள் வழக்கம். எனவே 1954 ஆம் ஆண்டு மார்ச் மாதம். பாடசாலை உபாத்தியாயராய் இருந்த எம் பேரனார், தகப்பனார் சிறுவராய் இருக்கும்போது அதனை வாங்கினார் என்று கேள்விப்பட்டிருந்தோம். அதற்கு இரும்பிலேயே சாட்சி கிடைத்தது.

இனிக் கரியரின் கதைக்கு வருவோம். அதன் கீழே தடித்த இரும்புப் பட்டங்கள் இரண்டு, கொல்லன் உலையில் அடித்து ஆணி தறைந்து பொருத்தப்பட்டிருந்தன. பார்வைக்கு அழகற்றவை. மகன் தான் கண்ட பழைய றலிப் படங்களை நினைத்து, "அப்பா, படத்திலை இந்தக் கம்பியள் இல்லை" என்றான். "வெட்டி எறிஞ்சுபோட்டுப் புதுக் கரியர் போடுவமோ?" என்று முதியவரும் கேட்டார். வண்டி அசல் உருவம் பெறட்டும் என்னும் ஆசையினால், நாமும் தலையசைத்து விட்டோம்.

அன்று மாலை எம் தாயாரிடம் இதைச் சொன்னோம். அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "அதிலைதானே மாமி இருந்து வந்தவ" என்றார். அவ்வளவே. எமக்கு முகம் வெளிறிப் போயிற்று. நாம் மறந்த செய்தியன்று அது. நினையாது விட்ட செய்தி.

1990 ஆம் ஆண்டின் பின் குடாநாட்டில் மின்சாரமும் பெற்றோலும் இல்லாத காலத்தில், விறகும் வெங்காயமும் ஏற்றுவதற்காகத் தகப்பனார் அப்பட்டங்களைப் பொருத்துவித்தார். இரவிலே வண்டியைக் கவிழ்த்து நிறுத்திப் பெடலைக் கையாற் சுற்றினால், டைனமோவின் மின்சாரத்தில் வானொலி பேசும்; சுற்றும் கை களைத்தால் செய்தியும் தளரும். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு வெளியேற வேண்டுமென ஒலிபெருக்கி அறிவித்தது. மழை பெய்தது. செம்மணி வெளியூடாக நாவற்குழிப் பாலத்துக்குச் செல்லும் வீதியிலே சனம் நெருக்கியடித்தது. நடக்க இயலாத எம் அப்பாச்சியைத் தகப்பனார் அக்கரியரில் இருத்தி, வேட்டித் துண்டால் ஆசனத்தோடு சேர்த்துக் கட்டி, வண்டியைத் தள்ளினார். தாயார் பின்னால் தாங்கிப் பிடித்தார். பதின்மூன்று வயதினராகிய நாம் தண்ணீர்ப் போத்தலுடன் பக்கத்தில் நடந்தோம். ஏறி ஓட இடமில்லை. ஒவ்வோர் அடியாகவே சில்லு உருண்டது. அப்பாச்சி தைப்பொங்கலுக்கு முன் மீசாலையிலே காலமானார். 1996 ஏப்ரலில் நாம் ஊர் திரும்பியபோது, அக்கரியரில் அரிசிச் சாக்கொன்றே இருந்தது.

இக்கதையை மகனுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. வகுப்பிலே பிறர் பிள்ளைகளுக்கு நாடுகளின் வரலாற்றைக் கற்பிக்கும் நாம், வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லாது விட்டோம். அவ்விரவு சொன்னோம். மகன் கேள்வி எதுவும் கேட்கவில்லை. மறுநாள் விடிய முதல் ஆளாகக் கடைக்கு ஓடினான். நல்ல வேளையாக முதியவர் இன்னும் அரிவாளை எடுக்கவில்லை. கரியர் அப்படியே இருந்தது. துருவை மட்டும் உரசி எடுத்து, எண்ணெய் தடவி விட்டார்.

விசயதசமியன்று புத்தகங்களோடு வண்டிக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டோம். நொட்டிங்காமில் இருந்த அப்பெருந் தொழிற்சாலை 2002 ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. அது செய்த வண்டியோ கொக்குவில் வீதியில் ஓடுகிறது. 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் கிடையாது நாடே வரிசையில் நின்றபோது பழைய சைக்கிள்களைத் தேடினோம். அத்தட்டுப்பாடு நீங்கியதும் அவற்றை மறந்தோம்.

வாசக அன்பர்கள் வீட்டு மூலையிலும் இத்தகைய வண்டியொன்று நிற்குமாயின், திருத்துக. பூச்சு மங்கலாயினும் குறையில்லை. ரயரும் பிரேக்கும் செம்மையாய் இருந்தாற் போதும். ஆனால், எதையேனும் வெட்டுமுன் வீட்டிலுள்ள முதியோரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்க. எம் மகன் இப்போது அவ்வண்டியிலேதான் ரியூசனுக்குப் போகிறான். சனிக்கிழமை தோறும் செயினுக்கு எண்ணெய் விடும்போது, அப்பட்டங்களுக்கும் இரண்டு துளி விடுகிறான்.