கூறியவர் யாவர்?

சென்ற ஞாயிறன்று மாலை வெள்ளவத்தையிலுள்ள எம் இல்லத்துக்கு என் பழைய மாணவரொருவர் வந்திருந்தார். எம் கல்லூரியிலே பாலபண்டித வகுப்பில் இலக்கணம் கேட்டவர். இப்பொழுது பத்திரிகைத்துறை பயில்கின்றவர். வழக்கமாக வந்தவுடன் என் புத்தக அலுமாரியைத் திறப்பவர் அன்று திறந்தாரில்லை. சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த பத்திரிகைத் துண்டொன்றை எடுத்து மேசைமேல் வைத்து, "ஐயா, இதிலே பிழை உண்டோ என்று பாருங்கள்" என்றார்.

யான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஆசிரியத் தொழிலின் கைப்பழக்கம் அது. சந்திப்பிழை இரண்டும் ஒருமை பன்மை மயக்கம் ஒன்றும் கண்டு கோடிட்டேன். அவர் தலையசைத்து, "அந்தப் பிழை அன்று, ஐயா" என்றார்.

விடயம் இதுதான். 2023 டிசம்பர் 17ஆந் திகதி பொலிசார் 'யுக்திய' என்னும் பெயரில் நாடெங்கும் போதைப்பொருள் வேட்டையொன்றைத் தொடங்கினர். சில வாரங்களிற் பல்லாயிரவர் கைதாயினர். தொலைக்காட்சிக் கமராக்கள் பொலிசாரோடு கூடவே வீடுகளுக்குட் புகுந்தமையை வாசகர் மறந்திரார். அந்நாளிற் செய்தித்தாளொன்றிலே பயிலுநராயிருந்த என் மாணவர், கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றிற் கைதான இளைஞனைப் பற்றி எட்டு வரி எழுதினார். பெயர், வயது, ஒழுங்கை யாவும் அதில் இருந்தன. 'நீண்டகாலமாகப் போதைப்பொருள் வியாபாரத்தில் ஈடுபட்டு வந்தவர் எனக் கூறப்படுகிறது' என்று செய்தி முடிந்திருந்தது.

சின்னாளில் அவ்விளைஞன் குற்றச்சாட்டு ஏதுமின்றி விடுவிக்கப்பட்டான். புறக்கோட்டையில் அவன் வேலைபார்த்த கடை முதலாளியோ அவனைத் திரும்பச் சேர்த்தாரில்லை. அந்த எட்டு வரியையும் வெட்டித் தம் மேசைக் கண்ணாடியின் கீழே வைத்திருந்தாராம். விடுதலையான செய்தியையும் எழுதட்டுமா என்று என் மாணவர் கேட்டபோது, மேலேயிருந்தவர், "விட்டுவிட்டார்கள் என்பதும் ஒரு செய்தியா, தம்பி?" என்று சிரித்தாராம்.

"நான் பொய் எழுதவில்லையே, ஐயா. 'கூறப்படுகிறது' என்றுதானே எழுதினேன்?"

இக்கேள்விக்கு அன்று யான் சொன்ன விடையையே இங்கும் எழுதுகின்றேன். நியூஸ் எழுதுவோருக்குத் தமிழ்ப் பண்டிதன் என்ன சொல்லக் கிடக்கின்றது என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும்.

'கூறப்படுகிறது' என்பது செயப்பாட்டுவினை. செய்தவனை மூன்றாம் வேற்றுமையில் நிறுத்தி, 'பொலிசாராற் கூறப்படுகிறது' என்றாற்போல வருதல் அதன் முழு வடிவம். அந்த 'ஆல்' உருபு ஏற்ற பெயரை நீக்கினாலும் வாக்கியம் இலக்கணப்படி நிற்கும். அதன் பொறுப்பை ஏற்பார்தாம் ஒருவரும் நில்லார். கூறியவர் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரா, அயல்வீட்டுப் பகையாளியா, தேநீர்க்கடை வாங்கில் இருந்தவரா? வாசகர் அறியார். பல சமயம் எழுதியவரும் அறியார்.

அறியாததைச் சொல்ல நேரும்போது எப்படிச் சொல்வது என்பதற்குத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் விதி வகுத்திருக்கின்றார். தூரத்தே தோன்றுவது மரக்குற்றியோ மனிதனோ எனத் தெளியாதவிடத்து 'உரு' என்பது போன்ற பொதுச்சொல்லாற் சொல்லுக. மனிதரே என்று தெளிந்தும் ஆணோ பெண்ணோ எனத் தெளியாதவிடத்துப் பன்மையாற் சொல்லுக என்பது அவர் கருத்து. தெளிந்த அளவுக்கு மேல் ஓரடியும் சொல் செல்லலாகாது. எம் பத்திரிகைகள் வழங்கும் 'சந்தேகநபர்' என்பதும் இவ்வகையில் ஏற்ற பொதுச்சொல்லே. ஆனால் உள்ளே 'சந்தேகநபர்' என்று எழுதித் தலைப்பிலே 'வியாபாரி சிக்கினார்' என்று போட்டால் அந்தப் பொதுச்சொல்லால் என்ன பயன்? தலைப்பை மட்டும் படிப்பவரே பெரும்பாலார்.

இனி, வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்திலே கூறுவதொன்று. ஒற்றர் மூவரை ஒருவரையொருவர் அறியாதவாறு ஏவி, மூவர் சொல்லும் ஒத்தவழியே தெளிக என்பார். மூவர் என்னும் எண்ணை எல்லாருஞ் சொல்வர். ஒருவரையொருவர் அறியாமை என்பதையே விட்டுவிடுவர். அதுவே இதன் உயிர்நிலை. இன்று பத்து ஊடகங்கள் ஒரே செய்தியைச் சொல்கின்றன. பத்தும் ஒன்றைப் பார்த்து எழுதியவை. பத்து வாய்; சாட்சி ஒன்று.

இதனால் விளைந்த கேட்டுக்கு நம் நாட்டிலே சான்று தேடி அலையவேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் என் மாணவரின் வீட்டிலிருந்து நடைதூரம். அன்றைய அச்சமும் ஆத்திரமும் ஆறுமுன்னே, மே 23ஆந் திகதி 'திவயின' என்னும் சிங்கள நாளேடு தன் முதற்பக்கத்தில், முஸ்லிம் வைத்தியர் ஒருவர் நாலாயிரம் சிங்கள பௌத்தத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தாரென்று எழுதிற்று. பிற ஊடகங்களும் எடுத்தாண்டன. மறுநாள் குருநாகல் போதனா வைத்தியசாலை வைத்தியரொருவர் கைதானார். அவர் பெயரை யான் எழுதேன். வேண்டிய அளவுக்கு மேல் எழுதப்பட்டாயிற்று. ஜூன் 27ஆந் திகதி குற்றப்புலனாய்வுத் திணைக்களம், அக்குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லையென நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலை 25ஆந் திகதியே அவர் பிணையில் வெளிவந்தார். 2022இல், மருந்துத் தட்டுப்பாடு நாட்டை வாட்டிய காலத்திலே, தமக்குக் கிடைத்த நிலுவைச் சம்பளம் 26 இலட்சத்துக்கு மேற்பட்ட ரூபாவை வைத்தியசாலைகளுக்கு மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார்.

நாலாயிரம்! அதை எண்ணியவர் யாவர்? எங்கே, எந்த ஏட்டைப் பார்த்து எண்ணினார்? முதல்நாள் இரவு பத்திரிகைக் கந்தோரில் ஒருவராவது இதைக் கேட்டிருந்தால்! எண்ணுக்கு ஒரு மயக்கு உண்டு. 'பலர்' என்றால் ஐயுறுபவன் 'நாலாயிரம்' என்றால் நம்பிவிடுகிறான்.

'அதிகாரி சொன்னார், யாம் எழுதினோம்' என்பதும் முழு விடையாகாது. அதே ஏப்ரலில் இறந்தோர் தொகை 359 என்று அறிவித்த அரசு, 25ஆந் திகதி அதனை ஏறக்குறைய 253 எனக் குறைத்தது. சிதைந்த உடல்களை எண்ணுவதில் வந்த பிழை அது, குறை சொல்லேன். ஆனால் அந்நாட்களில் பொலிசார் தேடப்படுவோர் படங்களை வெளியிட்டபோது, அமெரிக்காவிற் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் படத்தையும் சேர்த்துவிட்டனர். பின்னர் மன்னிப்புக் கேட்டனர். அதற்குள் அப்படம் உலகைச் சுற்றிவிட்டது.

ஆதலினாலேதான் பொய்ச்செய்தியைச் சட்டத்தால் அடக்கிவிடலாம் என்பாரோடு யான் உடன்படுகிலேன். 1973இல் பத்திரிகைப் பேரவைச் சட்டம் வந்தது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. எது பொய்யென்று தீர்ப்பதற்கு ஆணைக்குழு அமைத்தது பின்னைய சட்டம். பிழையான படத்தை வெளியிடக்கூடிய அரசு, மெய்க்கும் பொய்க்கும் நடுவராக அமர்வதை எண்ணும்போது எனக்கு அச்சமே மிகுகின்றது. பத்திரிகையாளர் தாமே 2003இல் நிறுவிய முறைப்பாட்டு ஆணைக்குழுவே எனக்கு உவப்பு. பிழையைத் தக்க முதன்மையோடு திருத்துக என்பது பத்திராதிபர் தமக்குத் தாமே வகுத்த ஒழுக்கக் கோவையிலும் உண்டு. அந்தத் 'தக்க முதன்மை' எட்டாம் பக்க மூலையில், திருமண விளம்பரத்தின் கீழே போய் ஒளிந்துகொள்வதே குறை.

வதந்தியைப் பற்றி இத்துணை சினங்கொள்வானேன் என்று வாசகர் வினவலாம். 1983 ஜூலை 29, வெள்ளிக்கிழமை. எனக்கு வயது பன்னிரண்டு. கொழும்பில் அவ்வாரத்து வன்செயல் சற்றே ஓய்ந்தது என்று நாம் மூச்சுவிட்ட நாள். புலிகள் நகருக்குள் வந்துவிட்டனர் என்றொரு பேச்சு காலையிற் கிளம்பிற்று. கந்தோர்களிலிருந்து மக்கள் ஓடினர். வந்தவர் ஒருவருமில்லை. ஆயினும் அந்தப் பேச்சின் பெயரால் அன்று தெருவில் அகப்பட்ட தமிழர் மீண்டும் தாக்கப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர். எம்மை மறைத்துவைத்திருந்த சிங்கள அயலவர் வீட்டு அறையிலே, என் தந்தையார் வானொலியைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்த காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கின்றது. யாராவது ஒருவர் உண்மையைச் சொல்லமாட்டாரா என்பதே அவர் எதிர்பார்ப்பு.

இவ்வளவையும் கேட்டிருந்த மாணவர், "அப்படியானால் இப்பொழுது நான் என்ன செய்யலாம், ஐயா?" என்றார். இருவரும் அமர்ந்து நான்கு வரி எழுதினோம். இன்ன நாளில் வெளியான செய்தியிற் குறிக்கப்பட்டவர்மீது குற்றச்சாட்டு எதுவும் சுமத்தப்படாது விடுவிக்கப்பட்டார். அவரை வியாபாரியெனக் குறித்ததற்குப் பொலிசார் ஒருவரின் வாய்ச்சொல்லன்றி வேறு சான்று எம்மிடம் இருக்கவில்லை. வாக்கியத்தில் எழுவாய் இருந்தது. அதை அக்கந்தோருக்கே கொண்டுபோய்க் கொடுக்கப்போவதாகச் சொல்லி எழுந்தார்.

"தம்பி, நீர் முதலில் அந்தப் பிள்ளையைப் போய்க் கேளும்" என்றேன். "ஊர் மறந்திருக்கும் பெயரை மறுபடியும் அச்சிலே காண அவருக்கு விருப்பமோ, தெரியாது. முதன்முறை கேளாமல் எழுதினீர்."

அதை அவர் எண்ணியிருக்கவில்லை. சிறிது நேரம் வாசலிலே நின்றார். பின்னர் இரு தாள்களையும் சேர்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இருட்டுமுன் கொட்டாஞ்சேனைக்குப் போய்விடலாம் என்று காலி வீதியிற் பஸ் ஏறினார்.