வாகன்ஆர் விலையிலை ஒரு பென்ஸ்

"வாகன்ஆர் வாங்கிற காசுக்கு ஒரு பென்ஸ் எடுக்கலாம் மச்சான்."

இந்த வசனத்தை நாங்கள் கேட்காத இடம் யாழ்ப்பாணத்தில் இல்லை. கலியாண வீட்டுப் பந்தலில், ரியூட்டரி வாசலில், திருநெல்வேலித் தேத்தண்ணிக் கடையில், கனடாவிலிருந்து லீவில் வந்து நிற்கும் சித்தப்பாவின் முற்றத்தில். சொல்கிறவரின் முகத்தில் ஒரு கெட்டிக்காரச் சிரிப்பு இருக்கும். ஊர் முழுக்க மொக்குத்தனமாகச் சின்னக் கார் வாங்கிக்கொண்டிருக்க, தான் மட்டும் கணக்கைக் கண்டுபிடித்துவிட்டேன் என்கிற சிரிப்பு. பிறகு போனை எடுத்துப் படம் காட்டுவார். கறுப்பு நிறம், தோல் இருக்கை, ஒரு லட்சம் கிலோமீற்றர்தான் ஓடியிருக்கு, கொழும்பில் ஒரு டொக்டர் பாவிச்சது. எப்போதும் ஒரு டொக்டர்தான் பாவிச்சிருப்பார்.

சரி, அந்தக் கணக்கை நாங்களும் ஒருக்கால் பார்ப்பம்.

முதலில், இந்த இரண்டு விலைகளும் எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன? 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் 2022 வந்தது. 200 ரூபா அளவில் நின்ற டொலர் 360 ரூபா வரை போனது. கதவு திறந்த பிறகும் எஞ்சினின் அளவைப் பார்த்துப் போடும் வரி, அதற்கு மேல் 18 வீத வற் என்று புதுக் கார் எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. ஐந்து வருசமாகப் புதுக் கார் வராத நாட்டில், எண்ணெய் குறைவாகக் குடிக்கிற, பாகம் எங்கேயும் கிடைக்கிற சின்ன ஜப்பான் கார்களை எல்லாரும் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். அவற்றின் விலை பைத்தியக்காரத்தனமாக ஏறியது. அது நியாயமான விலை என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஆனால் பழைய ஜேர்மன் சலூன்கள் ஏன் அந்த வேகத்தில் ஏறவில்லை? எங்கட சனத்துக்கு ருசி தெரியாததாலா? அடுத்து என்ன செலவு வரப்போகிறது என்று அவற்றை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், அதனால்தான்.

கொழும்பில் விற்கிறவர் ஒன்றும் பேயன் இல்லை. அடுத்த பெரிய பில் வரமுதல் காரைத் தள்ளிவிடுகிறார். அந்தப் பில்லையும் சேர்த்துத்தான் நீங்கள் காசு குடுத்து வாங்குகிறீர்கள். கார் பழசாகி விலை இறங்கலாம். அதின்ர கியர்பொக்ஸ் விலை இறங்காது. புதுசில் கோடிக்கணக்கில் விற்ற காரின் பாகம் இன்றைக்கும் கோடிக்கணக்கில் விற்ற காரின் பாகம்தான். வாகன்ஆர் விலை குடுத்து வாங்கலாம், வாகன்ஆர் செலவில் வைத்திருக்க ஏலாது. இந்த ஒரு வேறுபாட்டைத்தான் அந்தக் கெட்டிக்காரச் சிரிப்பு மறைக்கிறது.

அடுத்தது, "டெய்லி ஓடலாம்" என்ற கதை. எங்கே ஓடுவது? கொக்குவிலிலிருந்து ரவுணுக்கு, திருநெல்வேலிச் சந்தையிலிருந்து நல்லூருக்கு, பிள்ளையை ஏற்றப் பள்ளிக்கூட வாசலுக்கு. மூன்று கிலோமீற்றர், நாலு கிலோமீற்றர். முன்னுக்கு ஓட்டோ, பக்கத்தில் சைக்கிள், கஸ்தூரியார் வீதியில் குறுக்கே நிற்கிற லொறி. எஞ்சின் ஒழுங்காகச் சூடாக முதலே பயணம் முடிந்துவிடும். நவீன டீசல் சலூன் ஒன்றுக்கு இதைவிடக் கெட்ட வாழ்க்கை கிடையாது. அந்தக் கார்களின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடித்து வைக்கிற டீபிஎஃப் என்றொரு வடி இருக்கிறது. பிடித்த கரியை அது இடைக்கிடை எரித்துத் தள்ள வேண்டும். அதற்குக் கார் நல்ல சூட்டில், நிற்காமல், பதினைந்து இருபது நிமிசம் வேகமாக ஓட வேண்டும். ஜேர்மனியின் ஓட்டோபான் வீதியை மனதில் வைத்துச் செய்த சாமான். ரவுணுக்குள்ளேயே மாதக்கணக்கில் ஊர்ந்தால் வடி அடைக்கும், லைற் எரியும், எஞ்சின் இழுக்காது. இந்த வடிக்காகவே கிழமைக்கு ஒருக்கால் ஆனையிறவு மட்டும் போய்வருகிற ஒரு அண்ணையை எங்களுக்குத் தெரியும். கேட்டால் "லோங் டிரைவ்" என்கிறார்.

பெற்றோல் எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது ஒக்டேன் 95 கேட்கும், ரவுண் ஓட்டத்தில் லீற்றருக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர் தந்தாலே புண்ணியம். 2022 ஜூன் கடைசியில் அந்த எண்ணெய் 550 ரூபாவுக்குப் போனதையும், பிறகு கியூஆர் கோட்டோடு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டச்சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று வரிசையில் நின்றதையும் இவ்வளவு கெதியாக மறக்க எங்கட சனத்தால்தான் முடியும்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போவம், ஏனென்றால் விற்பனை விளம்பரங்களில் இவை வராது. டபிள்யூ211 என்கிற ஈ-கிளாஸ் பென்ஸை எடுங்கள். அதில் 2006 வரை வந்தவற்றில் பிறேக்கை ஒரு மின்சாரப் பம்பு நடத்துகிறது. எத்தனை தரம் பிறேக் மிதிபட்டது என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். குறித்த எண்ணிக்கை வந்ததும் தன்னை மாற்றச் சொல்லும். அந்த முறையை மெர்சிடிஸ் கொம்பனியே 2006இல் அந்தக் காரிலிருந்து எடுத்துவிட்டது. சந்திக்குச் சந்தி, மாட்டுக்கு மாடு பிறேக் அடிக்கிற ஊரில் அந்த எண்ணிக்கை எவ்வளவு கெதியாக ஏறும் என்று நீங்களே யோசியுங்கோ. பிஎம்டபிள்யூ 520டியில் 2007 தொடக்கம் வந்த என்47 டீசல் எஞ்சினின் ரைமிங் செயின் தேய்வது உலகம் அறிந்த வியாதி. அந்தச் செயினை எஞ்சினின் பின்பக்கம், கியர்பொக்ஸ் பக்கமாக வைத்திருக்கிறார்கள். மாற்றுவதென்றால் பெரும்பாலும் எஞ்சினையே இறக்க வேண்டும். பல பிஎம்டபிள்யூக்களில் ஸ்பெயார் வீலே இல்லை. காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடுகிற தடித்த ரயர் போட்டிருக்கிறார்கள், ஒழுங்கை வாசலில் ஒட்டுப்போடுகிற தம்பியிடம் அது சரிவராது. புதுப் பற்றி போட்டால்கூட, பற்றி மாறிவிட்டது என்று காரின் கொம்பியூட்டருக்குச் சொல்லிவிட வேண்டும்.

தண்ணியையும் சொல்ல வேண்டும். குடாநாடு சுண்ணாம்புக்கல்லுக்கு மேல் இருக்கிறது. வீட்டுக் கேத்தலின் அடியில் படிந்திருக்கிற வெள்ளையைச் சுரண்டிப் பாருங்கள். அதே கிணற்றுத் தண்ணியைத்தான் எங்கட ஆக்கள் போத்தலில் பிடித்து றேடியேற்றருக்குள் ஊற்றுகிறார்கள். பழைய மொறிஸ் மைனர் அதைப் பொறுத்துக்கொண்டது. ஒடுங்கிய வழிகளும் பிளாஸ்ரிக் மூட்டுகளும் வைத்த எஞ்சின் பொறுக்காது.

எங்களில் ஒருத்தியின் வீட்டுக் கதை இது. அவளின் அப்பா பென்சனுக்கு வந்த கையோடு இரண்டு பரப்புக் காணியை விற்று ஒரு ஜேர்மன் கார் எடுத்தார். எந்தக் கொம்பனி என்பது இங்கே தேவையில்லை. ஐந்தாம் மாதம் கியர் மாறாமல் ஒரே கியரில் நின்றுவிட்டது. ஊரிலிருந்த மூன்று கராஜ்காரரும் வந்து பார்த்தார்கள். மூன்று பேரும் நேர்மையானவர்கள், "ஐயா, இதைக் கழட்டலாம், திருப்பிப் பூட்டினால் ஓடுமெண்டு சொல்லேலாது" என்றார்கள். பஞ்சிகாவத்தைக்குப் போன் போனது. பாகம் ஒன்று வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது, பிழையான பாகம். திரும்பிப் போனது. கடைசியில் காரையே லொறியில் ஏற்றி நானூறு கிலோமீற்றர் அனுப்பினார்கள். அந்த வருசம் தங்கச்சியின் படிப்புக்கு என்று வைத்திருந்த காசு கியர்பொக்ஸுக்குப் போனது. அவள் பஸ்ஸில்தான் கம்பஸுக்கு வந்தாள், இப்பவும் பஸ்ஸில்தான் வருகிறாள். அந்த மனிதரைப் பார்த்துச் சிரிக்க எங்களால் முடியாது. முப்பது வருசம் சைக்கிளில் வேலைக்குப் போனவருக்கு ஒரு நல்ல காரில் ஏறவேண்டும் என்ற ஆசை பிழையா? எங்களுக்கும் அந்த ஆசை இருக்கு. அந்தக் கதவு மூடுகிற சத்தமே ஒரு தனிச் சுகம். எங்கட கோபம், அந்த ஆசைக்கு "மலிவு" என்று பெயர் வைத்து விற்கிறவர்கள் மேல்.

இப்ப ஒஸ்ரின் காருக்கு வருவம். எங்கட தாத்தாமாரின் காலத்தில் குடாநாட்டில் சொகுசுக் கார் என்றால் அதுதான். ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட். டொக்டரும் பிறக்கிறாசியும் வைத்திருந்த கார்கள். காலப்போக்கில் அவையே ஹயர் கார்களாகி ஆஸ்பத்திரிக்கும் கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் ஓடின. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபோதும் அவை நிற்கவில்லை. கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எங்கட வீடுகளில் இதை வீரக்கதையாகச் சொல்வார்கள். ஆனால் அதற்குள் ஒரு சாதாரண உண்மை இருக்கிறது. அந்த எஞ்சின்களின் அமுக்கம் குறைவு, அதனால் மண்ணெண்ணெயையும் சீரணித்தன. காபரேற்றரை ஒரு திருகாணிச் சாவியோடு கழற்றிப் பூட்டலாம். எது எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். டொக்டரின் சொகுசு ஊருக்கு இறங்கி வந்ததற்குக் காரணம் ஊர்க் கராஜால் அதைத் திறக்க முடிந்ததுதான்.

இன்றைய சலூனைத் திறக்கச் சாவி போதாது. கொம்பனியின் மென்பொருள் வேண்டும். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில், திருத்தத் தேவையான தகவலைக் கொம்பனிகள் வெளிக் கராஜ்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று 2012இல் மக்கள் வாக்குப் போட்டுச் சட்டமாக்க வேண்டியிருந்தது. அங்கேயே வாக்குப் போட்டுப் பிடுங்கிய தகவல், சுன்னாகத்துக் கராஜுக்குத் தானாக நடந்து வருமா?

"பாதுகாப்பு இருக்கடா, எயார்பாக் இருக்கு" என்று ஒரு பதில் வரும். உண்மைதான். கண்டி வீதியில் இரவில் லொறி ஒன்று முன்னால் வரும்போது அந்த உடம்பு தகரக் கார்களைவிட நல்லது. அதை மறுக்க மாட்டோம். ஆனால் பேச்சு அன்றாட ரவுண் ஓட்டத்தைப் பற்றி. பலாலி வீதியில் இருபத்தைந்து கிலோமீற்றர் வேகத்தில் உங்களைவிட ஆபத்தில் இருப்பவர் பக்கத்தில் சைக்கிளில் போகிற ஆள். பிறகு, எயார்பாக் லைற் எரிந்தால் அதின் பல்பைக் கழற்றிவிட்டு விற்கிற சந்தையில் எந்தப் பாதுகாப்பைப் பற்றிக் கதைக்கிறோம்? செலவுக்குப் பயந்து மலிவு ரயரும் மலிவு பிறேக் பாட்டும் போட்ட சொகுசுக் கார், பராமரித்த சின்னக் காரைவிடப் பாதுகாப்பானது என்று யார் சொன்னது?

பாதுகாப்பு என்பது சொல்லுகிற காரணம். சொல்லாத காரணம் வேறை. இங்கே கார் ஓடுவதற்கு முதல் நிறுத்தி வைப்பதற்கு. மாப்பிள்ளை வீட்டு வாசலில், கோயில் திருவிழாவில், கலியாண மண்டபத்து முன்பக்கத்தில். சீதனப் பேச்சில் "பெடியனிட்டை பென்ஸ் நிக்குது" என்றால் மற்றப் பக்கத்தில் தொகை ஏறும். லீசிங் கட்டுகிறது பெடியன், அதை ஈடுகட்டுகிறது பொம்பிளையின் தகப்பன், இடையில் ரொறன்ரோவில் இரண்டாவது சிப்ட் அடிக்கிற மாமா. மூன்று வீட்டின் உழைப்பு ஒரு வாசலில் வெயில் காய்கிறது. இதைத்தான் சிக்கனம் என்று எங்களுக்குப் படிப்பிக்கப் பார்க்கிறார்கள்.

விதிவிலக்கு இருக்கிறது, மறைக்க மாட்டோம். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் வந்த டபிள்யூ123 பென்ஸ் போன்றவை ஒஸ்ரின் சாதிதான். உலகம் முழுக்க ராக்சியாக ஓடித் தேய்ந்தவை, திறந்தால் விளங்கும். சொந்தக் கையால் திருத்தத் தெரிந்தவர், வேறு ஓட்ட வாகனம் வைத்திருப்பவர், காரையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர், இவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அவர்கள் யாரும் அதை மலிவு என்று சொல்வதும் இல்லை.

மற்ற எல்லாருக்கும்: வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், புரோக்கரிடம் அட்வான்ஸ் குடுக்க முதல் பஞ்சிகாவத்தைக்குப் போன் எடுத்து அந்த மொடலின் கியர்பொக்ஸ், சஸ்பென்சன், பிறேக் பம்பு மூன்றுக்கும் விலை கேட்டு எழுதுங்கோ. காரின் விலைக்குப் பக்கத்தில் அந்தத் தொகையையும் வையுங்கோ. பிறகு அந்தத் தாளோடு உங்கட ஒழுங்கைக் கராஜுக்குப் போய், "அண்ணை, இது நிண்டால் நீங்கள் திறப்பியளோ?" என்று கேளுங்கோ. அவர் ஒயில் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாரென்றால், அட்வான்ஸ் காசை எடுத்துக்கொண்டு நேரே வீட்டை போங்கோ.