நேர்த்திக்கடன் இல்லாத பயணம்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுத் தொலைபேசியில் ஒரு கேள்வி தவறாமல் வந்து சேரும். "இந்த முறையும் ஹந்தானைக்கோ? குறிஞ்சிக்குமரனுக்கு நேர்த்தி ஏதும் இருக்கோ?"

கேட்பவர்கள் நல்லவர்கள்தாம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே, ஹந்தானைச் சரிவில் குறிஞ்சிக்குமரன் கோயில் இருப்பதும் தெரியும். இரண்டையும் கூட்டி விடையை அவர்களே எழுதிக்கொள்கிறார்கள். பிள்ளையில்லாத கணவனும் மனைவியும் மலையேறினால் அது வேண்டுதலாகத்தான் இருக்கவேண்டும். வேறு எதற்கு ஏறப் போகிறார்கள்?

இல்லை ஐயா, நாங்கள் குளிருக்குப் போகிறோம். விடியற்புறத்தில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து, கீழே கண்டி நகரம் மூடுபனிக்குள் கிடப்பதையும், பின் ஒவ்வொரு கூரையாக வெளியே வருவதையும் பார்ப்பதற்குப் போகிறோம். அறுபதைத் தாண்டிய இருவர் இரண்டு கோப்பைத் தேநீரோடு இரண்டு மணி நேரம் பேசாமல் இருப்பதற்குப் போகிறோம். இதற்கு எந்தத் தெய்வத்திடமும் கடன் வைக்கவில்லை. முருகனைப் பார்க்கத் தோன்றினால் பார்ப்போம். கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் பார்ப்போம்.

இதை இத்தனை கடுமையாகச் சொல்லவேண்டுமா என்று நினைக்கலாம். வேண்டும். கலியாண வீட்டில் ஆலாத்தி எடுக்க என் மனைவியை அழைக்காத அதே மனம்தான் எங்கள் விடுமுறையையும் நேர்த்தியாக மாற்றிப் பார்க்கிறது. அங்கே அவமதிப்பாக நடப்பது, இங்கே அனுதாபமாக வருகிறது. அவமதிப்புக்குப் பதில் சொல்லிவிடலாம். அனுதாபத்துக்குப் பதில் சொன்னால் நாம்தான் பொல்லாதவர்கள் ஆகிறோம். முப்பது வருடங்களாக அவள் பதில் சொல்லவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

தமிழ்ப் பண்பாட்டில் உல்லாசப் பயணம் குடும்பத்துக்கானது என்று ஒரு நண்பர் வாதிட்டார். எந்தத் தமிழ்ப் பண்பாடு? தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் குறித்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம், உரிப்பொருள் புணர்தல். மலை, குளிர், நள்ளிரவு, இரண்டு பேர். அங்கே பால்புட்டி எங்கே வந்தது? பிள்ளை வருவது மருதத்தில். அதுவும் பரத்தையிடம் போய்வந்த தகப்பனுக்கும் ஊடிய தாய்க்கும் இடையில் வாயிலாக நிற்பதற்கு. குளிர்காலத்து மலையை வளர்ந்த இருவருக்கென்று ஒதுக்கி வைத்த இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையில்லாமல் மலையில் என்ன வேலை என்று கேட்கிறோம்.

வெள்ளைக்காரன் நமக்கு விட்டுச்சென்ற மலை விடுமுறையும் குழந்தைகளுக்காகப் பிறந்ததன்று. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் இறுதியில் நுவரெலியாவை உருவாக்கியபோது அது நோயுற்ற படையினரும் உத்தியோகத்தரும் உடல் தேறும் இடம். 1876இல் அங்கே ஹில் கிளப் தோன்றியது கழுத்துப்பட்டி அணிந்த தோட்டத்துரைமார் கணப்படுப்பின் முன் அமர்வதற்கு. துரைமாரின் பிள்ளைகள் ஏழெட்டு வயதானதும் கப்பலேறி இங்கிலாந்துப் பாடசாலைகளுக்குப் போய்விட்டனர்.

ஒஸ்லோவில் எனக்கு ஒரு பழைய சிநேகிதர் இருக்கிறார். எண்பதுகளில் நோர்வேயின் வடகோடியில், பின்மார்க்கில், மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். நாற்பது ஆண்டுகளாக அவருக்குப் பனி என்றால் காரின் கண்ணாடியைச் சுரண்டுவதும், சப்பாத்தை வாசலில் உதறுவதும், இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புவதும்தான். ஒஸ்லோவிலிருந்து பேர்கனுக்குப் போகும் புகையிரதப் பாதையில் பின்ஸ என்றொரு நிலையம் உண்டு. 1,222 மீற்றர் உயரம். பொதுப்பாதையால் வாகனத்தில் போகமுடியாது. பனிக்காலத்தில் நிலையத்தை விட்டு இறங்கினால் வெண்மையைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு முறை மனைவியோடு போய் இரண்டு இரவு தங்கிவாருங்கள் என்றேன். "பிள்ளைகள் பெரிசாகிப் போட்டுதுகள். இனி ஆருக்குக் காட்டப் போறது?" என்றார். நான்கு பிள்ளைகளைப் பெற்றவரும் பிள்ளையில்லாத நானும் இறுதியில் ஒரே வேலியின் முன் நிற்கிறோம். எங்களுக்கு அது எப்போதுமே பூட்டியிருந்தது; அவருக்குப் பிள்ளைகள் வளர்ந்ததும் பூட்டப்பட்டது. உங்களுக்காகவே பாருங்கள், உங்கள் மனைவிக்குக் காட்டுங்கள் என்றால் வெட்கப்படுகிறார்!

நான் பிள்ளைகளுக்கு எதிரியல்லன். குழந்தைகளுக்கு அனுமதியில்லை என்று விளம்பரம் செய்யும் விடுதிகளில் நாங்கள் தங்குவதில்லை. சென்ற ஆண்டு, பக்கத்து அறையில் இருந்த சிறுவன் வாயால் புகைவிட்டுத் தன்னைப் புகையிரதம் என்று சொல்லிக்கொண்டு மூன்று நாளும் திண்ணையில் ஓடினான். குளிரை அவனளவுக்கு நாங்கள் அனுபவித்தோமா என்பது சந்தேகமே. அவனுடைய பெற்றோர்தாம் பாவம். ஒருவர் கம்பளித் தொப்பியோடும் மற்றவர் இருமல் மருந்தோடும் அவன் பின்னால் ஓடியதில், மலையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

என்னைத் தலைகுனிய வைத்த கேள்வி வேறொன்று. அது உறவினரிடமிருந்து வரவில்லை.

1925இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை 2001இல் நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. பழைய உருளை இயந்திரங்களையும், 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களையும் பார்த்துவிட்டு, ஒரு மாலை கீழே நடந்துவந்தோம். லயத்து வாசலில் ஒரு மூதாட்டி விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கே தங்கியிருக்கிறோம், என்ன வாடகை என்று விசாரித்தார். சொன்னோம்.

"குளிர காசு குடுத்தா வாங்குறீங்க ஐயா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அறிய விரும்பினார். பிறகு, "புள்ளைங்க?" என்றார். இல்லை என்றோம். "எனக்கு மூணு. எல்லாம் கொழும்புல, கடையில. இங்க நானுந்தான் தனியா" என்று சொல்லி, உள்ளே போய் இரண்டு குவளைச் சாயத்தண்ணி கொண்டுவந்தார். நேர்த்தி இருக்கிறதா என்று கேட்கவில்லை.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, ஒரு கதவு, தகரக் கூரை. நாங்கள் மெய்சிலிர்ப்பதற்காகத் தேடிவரும் அதே குளிர் அந்தக் கூரை வழியாக இரவு முழுவதும் இறங்குகிறது. மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டை 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நினைவுகூர்ந்தார்கள். அந்த இருநூறு ஆண்டுகளில் பிள்ளைகளோடு குளிர்காயவும் பிள்ளைகள் இல்லாமல் குளிர்காயவும் உரிமை கேட்டு அந்த மூதாட்டியின் முன்னோருக்கு எவரும் அறை பதிவு செய்து கொடுக்கவில்லை. என் விடுமுறையைக் குறைகூற இந்த நாட்டில் தகுதியுள்ள ஒருவர் உண்டென்றால் அவர்தாம். அவரோ தேநீர் தந்தார். தொலைபேசியில் துக்கம் விசாரிக்கும் என் சுற்றத்தாரில் ஒருவரும் லயத்தைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை; மலையகம் என்றால் அவர்களுக்கு வான் பிடித்துப் பிள்ளைகளோடு போய்ப் படம் எடுத்துத் திரும்பும் இடம்.

இந்த ஆண்டும் போகிறோம். கம்பளிகளை மனைவி வெயிலில் உலர்த்திவிட்டாள், இம்முறை மூன்று. மூன்றாவது யாருக்கென்று நேற்று ஒரு மைத்துனி ஆவலோடு கேட்டாளாம். தொலைபேசியில் அவளுடைய குரலே மாறிவிட்டது என்று சொல்லி இவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.