கொதிப்பு மாத்திரை மீது விழுந்த பழி

ரத்தக் கொதிப்பு உள்ள பெரியவர் வீட்டில் இருக்கிறாரா? அவருடைய மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். ராமிப்ரில், எனலாப்ரில் என்றோ, லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் என்றோ பெயர் இருக்கலாம்.

கொரோனா பரவிய 2020-ம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்த மாத்திரைகள் மீது பெரும் பழி விழுந்தது.

கொரோனா கிருமி உடம்பின் உயிரணுவுக்குள் நுழைய ஒரு கதவு வேண்டும். "ஏ.சி.இ.2" என்ற புரதம்தான் அந்தக் கதவு. இந்த மாத்திரைகளால் கதவுகள் பெருகலாம் என்று, விலங்குகளிடம் செய்த சில சோதனைகள் காட்டியிருந்தன. "அப்படியானால் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் கதி?" என்று சிலர் கேட்டார்கள்.

கேட்டதில் தப்பில்லை. விடை தெரியும் முன்பே மாத்திரையைத் தூக்கி எறிவதுதான் தப்பு! மாத்திரையை விட்டால் கொதிப்பு மீண்டும் ஏறும். பக்கவாதமும் மாரடைப்பும் கொரோனாவுக்காகக் காத்திருப்பதில்லை. ஐரோப்பிய இருதய மருத்துவச் சங்கம் அந்த மார்ச்சிலேயே, மாத்திரையை நிறுத்தவேண்டாம் என்று சொல்லிவிட்டது.

அவசரம் மறுபக்கமும் இருந்தது. இந்த மாத்திரைகளில் "ப்ரில்" வகையைச் சாப்பிட்டவர்கள் அதிகம் பிழைத்ததாக, புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் மே மாதம் கட்டுரை வந்தது. புள்ளிவிவரங்களைச் சரிபார்க்க முடியவில்லை. ஜூன் மாதமே கட்டுரை வாபஸ்!

நேர்மையான வழியில் போனவர்கள் பிரேசில் நாட்டு டாக்டர்கள். லேசான, நடுத்தரமான கொரோனாவுடன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 659 பேரைச் சேர்த்தார்கள். எல்லோரும் இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டு வந்தவர்கள். சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரை தொடர்ந்தது. மற்றதற்கு 30 நாள் நிறுத்தம்.

முடிவு 2021 ஜனவரியில் வெளிவந்தது. மாத்திரையை நிறுத்தியவர்களில் இறந்தவர்கள் 9 பேர். தொடர்ந்தவர்களிலும் 9 பேர்தான்! நிறுத்தியதால் யாரும் கூடுதலாகப் பிழைத்துவிடவில்லை.

அதற்காக, இது கொரோனாவுக்கு மருந்து என்று நினைத்துவிடக் கூடாது. அபாய நிலையில் இருந்த நோயாளிகளுக்குப் புதிதாக இதைக் கொடுத்துப் பார்த்த இன்னொரு ஆராய்ச்சியின் முடிவு 2023-ல் வந்தது. நன்மை இல்லை, கெடுதலே நேர்ந்திருக்கலாம் என்று தெரிந்தது.

நோய் முற்றி ரத்த அழுத்தம் இறங்கினாலோ, சிறுநீரகம் தளர்ந்தாலோ டாக்டரே மாத்திரையை நிறுத்துவார். அது வேறு விஷயம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நிறுத்துவது வேறு.