ஆங்கிலப் பரீட்சையும் வாசித்தறியும் பயிற்சியும்

நம் கலாசாலையை விட்டு வெளியேறும் மாணவருள் அயல்நாடு செல்ல விழைவோர் பலர், இக்காலத்தில் மற்றுமொரு பரீட்சையின் வாயிலைக் கடக்கவேண்டியவராய் இருக்கின்றனர். அதுவே ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சை. ஐ.இ.எல்.டி.எஸ். என்பது 1989-ஆம் ஆண்டு முதல் அப்பெயரால் நடைபெற்று வருவது. செவிலியர், மருத்துவர் முதலியோர்க்கென ஓ.இ.டி. என்னும் பிறிதொன்றும் உண்டு. இவற்றில் பேச்சுக்கும் எழுத்துக்கும் அஞ்சுவோர் உளர். வாசிப்புப் பகுதியை எளிதென்று எண்ணி, அங்கேயே இடறி வீழ்வோரும் உளர். அவ்விடறலுக்குக் காரணம் ஆங்கில அறிவின் குறைவு மாத்திரமன்று. வாசிக்கும் பழக்கத்தின் குறைவே பெரிதும் காரணமாம் என்பதும், அக்குறையைத் தீர்க்கும் கருவி நம் தமிழ்க் கல்வியிலேயே கிடக்கின்றது என்பதும் எனது அபிப்பிராயம். பழைய மாணவன் என்னும் உரிமை பற்றி அதனை ஈண்டு எடுத்துரைக்கத் துணிகின்றேன்.

முதற்கண் அப்பரீட்சையின் இயல்பைச் சுருங்கக் கூறுவேன். ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சையில் உயர்கல்வி நாடுவோர்க்குரிய பிரிவில், வாசிப்புக்கு அளிக்கப்படும் அவகாசம் 60 நிமிஷம். நீண்ட பகுதிகள் மூன்று; வினாக்கள் 40. பகுதிகள் மூன்றும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொற்கள் வரை இருக்கும். நாற்பதில் ஏறத்தாழ முப்பது சரியாயின் ஏழு என்னும் தரம் கிட்டும். பிரிட்டனில் செவிலியராகப் பதிவுபெற இப்பரீட்சை வழியே முயல்வோர்க்கு வாசிப்பில் வேண்டப்படுவது அவ்வேழே. ஒருமுறை பெற்ற தரம் இரண்டு ஆண்டுகளுக்கே பொதுவாக ஏற்கப்படும். கட்டணமோ 15,000 ரூபாய்க்கு மேல். கரைவலை இழுத்தும் கடன்பட்டும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்களுக்கு இத்தொகை சிறிதன்று. ஆதலின் ஒருவன் அரைத்தரம் குறைந்து தவறுவது அவன் ஒருவனுடைய வருத்தத்தோடு முடிவதில்லை.

இனி, மாணவர் இதற்குப் பயிலும் முறையை நோக்குவோம். யான் முதலில் சேர்ந்து பயின்ற பயிற்சி நிலையமொன்றில் எமக்குக் கற்பித்த முதல் உபாயம், "பகுதியை வாசிக்காதே, வினாவை வாசி, அதிலுள்ள முக்கியச் சொல்லைப் பகுதியில் தேடு, கண்ட இடத்தில் விடையை எடு" என்பது. இதனை யான் சொல்வேட்டை என்பேன். வேட்டையாடுவோன் காட்டை அறியான். ஒரு விலங்கின் தடத்தையே அறிவான். பரீட்சை செய்வோரும் இவ்வுபாயத்தை அறியாதவரல்லர். வினாவில் வரும் சொல்லைப் பகுதியில் வேறு சொல்லால் மறைத்துவைப்பர். அதே சொல் தோன்றும் இடத்தில் வேறு கருத்தை அமைத்துவைப்பர். சொல்லைக் கண்டு மகிழ்ந்தவன் பொருளை இழப்பான்.

"முழுதும் வாசிக்க நேரம் ஏது?" என்று வினவுவார்க்கு ஒரு சிறு கணக்கு உரைப்பேன். நிமிஷத்துக்கு 150 சொற்கள் வாசிப்பவன் மிக விரைந்து வாசிப்பவனல்லன். அவனும் 2,750 சொற்களை 19 நிமிஷத்துக்குள் ஒருமுறை முற்ற வாசித்துவிடலாம். எஞ்சும் 41 நிமிஷம் நாற்பது வினாக்களுக்கு உரியது. வினாவொன்றுக்கு ஒரு நிமிஷம் வீதம் கிடைக்கும். ஆகவே நேரம் இல்லையென்பது முழு உண்மையன்று. இல்லாதது, 19 நிமிஷம் மனஞ்சிதறாது ஒன்றை வாசிக்கும் ஆற்றலே. பல மாதம் செய்தித்தாளின் ஒரு பத்தியையேனும் முற்ற வாசியாதவன், பரீட்சை மண்டபத்தில் மாத்திரம் அவ்வாற்றலை எங்ஙனம் பெறுவான்?

அப்பரீட்சையின் வினாவகைகளுள் மாணவரை மிகவும் வருத்துவது ஒன்றுண்டு. ஒரு கூற்றைக் கொடுத்து, பகுதியின்படி அது மெய்யா, பொய்யா, அன்றிக் கூறப்படவில்லையா என்று கேட்பர். மெய்யும் பொய்யும் எளிதிற் புலப்படும், மூன்றாவதே கண்ணி. பகுதி கூறாததை நம் முன்னறிவால் நாமே நிரப்பிவிடுகின்றோம். நாம் மெய்யென்று அறிந்தது பகுதியிலும் இருக்கும் என்று நம்புகின்றோம். நாம் விரும்புவது எழுதப்பட்டிருக்கும் என்றும் நம்புகின்றோம். இம்மயக்கம் எத்துணைக் கேடு விளைவிக்கும் என்பதை எனக்கு உணர்த்தியவர் ஆங்கிலம் அறியாத ஒரு முதியவர். அதனைச் சொல்லுகின்றேன்.

என் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரையிலுள்ள ஜெகதாப்பட்டினம். விசைப்படகுகள் நிறைந்த மீன்பிடி ஊர் அது. பாக் நீரிணையில் மீன்பிடிக்கச் சென்றோர் இலங்கைக் கடற்படையினரால் சிறைபிடிக்கப்பட்டனர் என்ற செய்தி எங்கள் கரைக்குப் புதிதன்று. கச்சத்தீவைப் பற்றிய பேச்சு அங்கு எந்நாளும் ஓயாது. மீன்பிடித் தடைக்காலத்து மாலையொன்றில், யான் பயிற்சிப் புத்தகமும் கையுமாய்ச் செல்லக்கண்டு, வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் அழைத்தார். 1974-ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்படிக்கையின் ஆங்கில வாசகத்தை யாரோ அவர் பேரனுடைய கைப்பேசிக்கு அனுப்பியிருந்தனர்.

"தம்பி, கச்சத்தீவுப் பக்கம் நாம் மீன் பிடிக்கலாம் என்று இதிலே எழுதியிருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மைதானா? பார்த்துச் சொல்லு" என்றார்.

யான் சொல்வேட்டையில் தேர்ந்தவனல்லனோ! ஐந்தாம் பிரிவில் கண்ணை ஓட்டினேன். இந்திய மீனவர் என்ற சொல் இருந்தது. கச்சத்தீவு என்ற பெயர் இருந்தது. முன்போலவே என்னும் பொருள்தரும் சொல்லும் இருந்தது. "ஆம் மாமா, எழுதித்தான் இருக்கிறது" என்றேன்.

முதியவர் வலையைக் கீழே வைத்து, "மீன் பிடிக்கலாம் என்ற வார்த்தை எங்கே இருக்கிறது? அதன்மேல் விரலை வை" என்றார்.

விரலை வைக்க இடம் காணேன். அப்பிரிவு கூறுவது யாதெனின், மேற்கூறியவற்றுக்கு உட்பட்டு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம். அதற்குப் பயண ஆவணமோ நுழைவனுமதியோ இலங்கை கேட்கமாட்டாது என்பதே. சென்றுவருதல் கூறப்பட்டது; மீன்பிடித்தல் அப்பிரிவிற் கூறப்படவில்லை. ஆறாம் பிரிவோ, இரு நாட்டுக் கலங்களும் மற்றதன் நீர்ப்பரப்பில் மரபாகத் துய்த்துவந்த உரிமைகளைத் துய்க்கும் என்கின்றது. அவ்வுரிமைகள் எவை என்று விரித்துரைக்கவில்லை. 1976-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளரும் மாற்றிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் அதன் வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடித்தலாகாது என்று எழுதப்பட்டுள்ளது. இவையனைத்தையும் அன்றிரவு முற்ற வாசித்த பின்னரே அறிந்தேன்.

இதனால் எங்கள் கரையாரின் வழக்கு மெலிந்துபோயிற்று என்று யான் கூறவில்லை. தலைமுறை தலைமுறையாக அக்கடலில் உழைத்தோரின் உரிமை ஆராயத்தக்கதே. ஆயினும் அதற்காக வாதிடுவோன் ஐந்தாம் பிரிவில் இல்லாத சொல்லை இருப்பதாகக் கொண்டு நின்றால், எதிர்வாதி அவ்வொரு சொல்லைக் கேட்டே அவனை வீழ்த்திவிடுவான். ஆறாம் பிரிவின் பொருள் யாது, 1976-ஆம் ஆண்டுக் கடிதங்கள் அதனை எவ்வாறு பாதிக்கின்றன என்று நேர்மையாக வாசித்து நிற்பவனுக்கே வாதிட இடமுண்டு. தவறாக வாசித்தவன் பரீட்சையில் ஒரு மதிப்பெண்ணை இழப்பான். தன் ஊராருக்காக வாசிக்கும்போது அவர்களுடைய வழக்கையே இழப்பான். ஆங்கிலம் கற்ற பிள்ளை ஒன்று இருக்கும் வீட்டில் வங்கிக் கடிதமும், காப்பீட்டுப் பத்திரமும், அயல்நாட்டு வேலை ஒப்பந்தமும் அப்பிள்ளையின் கையிலேயே வந்து சேருகின்றன. அவன் பரீட்சைக்காகப் பழகிய பழக்கமே அங்கும் உடன்வரும்.

இனி, நல்ல பழக்கத்தை எங்கிருந்து பெறுவது? வேறெங்கும் செல்லவேண்டுவதில்லை. நன்னூல் உரையின் இலக்கணம் கூறுமிடத்துப் பதினான்கு உறுப்புக்களை எண்ணுகின்றது. பாடம், கருத்து, சொல்வகை, சொற்பொருள், தொகுத்துரை, உதாரணம், வினா, விடை, விசேடம், துணிவு என்பன அவற்றுட் சில. பாடம் இன்னதென்று முதலில் உறுதி செய், அதன் கருத்தைக் காண், சொல்லுக்குப் பொருள் கொள், ஐயத்தை வினாவாக்கி விடை தேடு, பின்னர்த் துணி. இதனினும் சிறந்த வாசிப்புப் பாடத்திட்டம் ஒன்றை யான் அறியேன். பரிமேலழகரும் சேனாவரையரும் மூலத்தில் உள்ளதையும், தாம் வருவித்துரைப்பதையும் பிரித்துக்காட்டும் உரைமரபிலே வளர்ந்தவர். கூறப்படவில்லை என்னும் மூன்றாம் விடை நம்மவர்க்கு எங்ஙனம் புதிதாகும்?

அந்நூல் சூத்திரங்கள் தொடர்ந்து நிற்கும் முறைக்கு நான்கு உவமப் பெயர்களையும் தருகின்றது: ஆற்றொழுக்கு, அரிமாநோக்கு, தவளைப்பாய்த்து, பருந்தின்வீழ்வு. வேறு பொருளில் வந்த இப்பெயர்களை வாசிக்கும் முறைக்கு இரவல் பெறுவது பிழையாகாது. முதன்முறை பகுதியை ஆறு ஒழுகுமாறு இடையறாது வாசிக்க. முன்னும் பின்னும் திரும்பிப்பார்க்கும் சிங்கம்போல ஒவ்வொரு பத்தியும் முன்னதோடும் பின்னதோடும் எங்ஙனம் இயைகின்றது என்று காண்க. ஆண்டு, பெயர், எண் முதலியவற்றைக் கேட்கும் வினாவாயின் பருந்துபோல் அவ்விடத்தே வீழ்க. உதாரணங்கள் நீண்டவிடத்துத் தவளைபோல் தாண்டுக. ஆனால் ஆற்றொழுக்கு முன்னே நிகழாதவனுக்குப் பருந்தின்வீழ்வு பயன்படாது. எங்கே வீழ்வதென்று அவன் அறியான்.

இம்முறையில் யான் பின்னர்ப் பயின்ற பயிற்சியை மாணவருக்குக் கூறுவேன். நாள்தோறும் ஆங்கிலப் பத்திரிகையின் கட்டுரை ஒன்றை, கடிகாரம் பாராது, முற்ற வாசித்தல் வேண்டும். ஒவ்வொரு பத்தியின் கருத்தையும் ஒரே வரியில் தமிழில் எழுதுக. எழுத இயலாவிடின் விளங்கவில்லை என்பது தெளிவு. அறியாத சொல்லுக்கு அகராதியைத் திறக்குமுன் சூழலைக்கொண்டு பொருள் ஊகித்து, அதன்பின் அகராதியோடு ஒப்பிடுக. சில, எல்லாம், மட்டும், பெரும்பாலும், உட்பட்டு என்றாற்போன்ற சிறு சொற்களின்கீழ்க் கோடிடுக. பெருஞ்சொற்களைவிட இவையே பொருளை மாற்றுவன. ஈற்றில் அக்கட்டுரையின்மேல் மெய்யான கூற்று ஒன்று, பொய்யான கூற்று ஒன்று, கூறப்படாத கூற்று ஒன்று நீரே இயற்றி நண்பனிடம் கொடுத்து, அவன் இயற்றியவற்றை வாங்கி விடை தருக. வினா இயற்றக் கற்றவன் வினாவுக்கு அஞ்சான். தவறிய விடைகளுக்கென ஒரு சுவடி வைத்து, தவறியது சொல்லாலா, வாக்கிய அமைப்பாலா, நம் எண்ணத்தை ஏற்றியதாலா என்று குறித்துவருக. ஒரு மாதம் சென்றபின் கடிகாரத்தை முன்வைத்துப் பயில்க.

பயிற்சி நிலையங்கள் வேண்டா என்பது என் கருத்தன்று. பரீட்சையின் அமைப்பையும், விடைத்தாளின் முறையையும், நேரத்தைப் பகுக்கும் வகையையும் அங்கே கற்கலாம். ஓ.இ.டி. பரீட்சையில் முதற்பகுதி 15 நிமிஷத்தில் நான்கு சிறு பகுதிகளிலிருந்து 20 விடைகளை விரைந்து எடுக்கும் சோதனை. நோயாளியின் பக்கலில் நிற்கும் செவிலிக்கு அவ்விரைவு வேண்டற்பாலதே. யான் மறுப்பது, விரைவை வாசிப்பின் இடத்தில் அமர்த்துவதை. மருந்தின் அளவைத் தேடிக் கண்டவள், "சிறுநீரகக் குறைபாடு உள்ளோர்க்கு நீங்கலாக" என்னும் அடுத்த வரியை விட்டுவிடின் என்னாகும்?

முடிவாக ஒரு வேண்டுகோள். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அவற்றுட் பெரும்பகுதி நம் மாணவர்க்கும் விடுமுறைக்காலம். கரையில் படகு பழுதுபார்க்கப்படும், வலை பின்னப்படும். அந்நாட்களில் கரையூர் மாணவர் நால்வர் ஐவராகக் கூடி நாளுக்கொரு கட்டுரை வாசிப்பாராயின், 61 கட்டுரைகளும் 183 கூற்றுக்களும் அவர்தம் சுவடியில் ஏறியிருக்கும். பழைய மாணவராகிய நாம் பத்திரிகைகளை அனுப்பி உதவலாம். நம் கலாசாலையின் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒருவர் உரைமரபையும் ஒருவர் ஆங்கிலப் பகுதியையும் கற்பிப்பாராயின் அதனினும் நன்று. இதற்குப் புதுக் கட்டடமோ பெரும்பொருளோ வேண்டா.

அடுத்த தடைக்காலத்தில் யான் ஊர் செல்லும்போது, எவரேனும் ஒரு முதியவர் ஓர் ஆங்கிலக் காகிதத்தை நீட்டி, "எங்கே இருக்கிறது, விரலை வை" என்று கேட்பாராயின், நம் மாணவன் உள்ள இடத்தில் விரல் வைக்கவும், இல்லாவிடத்து "இதில் கூறப்படவில்லை, மாமா" என்று அஞ்சாது சொல்லவும் வல்லவனாய் இருத்தல் வேண்டும். அவனுக்குப் பரீட்சை அரிதாகாது.